சேது சென்ற காசிச் செம்பு

சேதுக்கரையில் எடுத்த மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கையைச் செம்பில் கொண்டுவந்து, இராமேஸ்வரத்தில் இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் காசி யாத்திரை நிறைவு பெறும் என்பது நம் பெரியோர் வகுத்த முறை. 1998-ஆம் ஆண்டு அடியேனின் பெற்றோர் அவ்விதமே புறப்பட்டார்கள். மணல் பிரயாகை சேர்ந்தது. கங்கையும் வீடு வந்தது. அடுத்த மாதம் இராமேஸ்வரம் என்று நாள் குறித்திருந்த வேளையில் தந்தையார் சிவபதம் அடைந்துவிட்டார். அதன்பின் வாய் பற்றவைக்கப்பட்ட அந்தச் செம்பு, திருவானைக்காவலில் எங்கள் இல்லத்துப் பூஜையறையில் 27 ஆண்டுகள் காத்திருந்தது.

தாயாருக்கு இப்போது 86 வயது. பிரயாணம் செய்யும் நிலையில் இல்லை. “நீயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடப்பா. ஒன்றே ஒன்று, வழியில எங்கேயும் தரையில மட்டும் வைச்சிடாதே” என்றார்கள்.

இரயிலில் போயிருக்கலாம். வீட்டார் அனைவரும் அதைத்தான் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளாக அடியேனைச் சுமந்துவரும் புல்லட்டில் போகவேண்டும் என்பது பிடிவாதமேயன்றி வேறில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்ததால் மருத்துவரிடம் அனுமதி பெற்று, துணைக்குத் தங்கை மகனும் தன் வண்டியில் வருவதென்று முடிவாயிற்று.

ஆனால் தீர்த்தத்தை வண்டியில் எங்கே வைப்பது? பின்புறம் கட்டினால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன்மேல் காலை வீச வேண்டும். பக்கவாட்டுப் பெட்டியில் வைத்தால் சாலைச் சேறு தெறிக்கும். காலடிக்குச் சமமான இடமும் ஆகிவிடும். முதுகில் சுமந்தால் தீர்த்தத்துக்குப் புறங்காட்டிக்கொண்டே போகவேண்டும். எஞ்சியது ஓரிடம்தான்: கைப்பிடிக்கும் நம் மார்புக்கும் நடுவே, பெட்ரோல் டாங்கின்மேல். அவ்விடத்தில் பொருத்தவென்றே பை விற்கிறார்கள். ‘டேங்க் பேக்’ என்று பெயர். வெகுதூரம் போகும் இளைஞர்கள் பணம், மழைச்சட்டை, குடிநீர் எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துக்கொள்ள இதைப் பயன்படுத்துகிறார்கள். மேலே வழிப்படமோ கைப்பேசியோ வைக்கக் கண்ணாடி போன்ற உறையும் இருக்கும். சுமை வண்டியின் நடுப்பாகத்தில் அமைவதால் ஓட்டும்போது தள்ளாட்டமும் குறைவு.

மருமகன் ஆர்வத்தோடு வாங்கிவந்தது பெரிய பை. அடியில் காந்தங்கள் தைத்தது. “மாமா, இரும்பு டாங்க் மேல வைச்சா அப்படியே கவ்விக்கும். எடுக்கிறதும் ஒரு நொடிதான்” என்றான். உண்மைதான். பிளாஸ்டிக் டாங்க் உள்ள வண்டிகளுக்குத்தான் அது உதவாது. ஆயினும் அடியேனுக்கு அது ஆகாது என்று தோன்றியது. காந்தத்தைப் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 6 அங்குலம் விலக்கி வைக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. பை டாங்கின்மேல் கிடக்கும்போது அந்தத் தூரம் இருக்கும். கழற்றி மார்போடு அணைத்துத் தூக்குகிறோமே, அப்போது? குழந்தையைப்போல் தூக்கவேண்டிய பொருளையல்லவா அதில் வைக்கப்போகிறோம்! இதய நோயுள்ள அன்பர்கள், தாம் வண்டி ஓட்டாவிட்டாலும் பேரனின் பையைத் தூக்கும்போது இதை நினைவில் கொள்ளவேண்டும்.

பெரிய பைக்கு வேறொரு குறையும் இருந்தது. வாசலில் வண்டியைத் திருப்பக் கைப்பிடியை முழுவதும் ஒடித்தபோது, பையின் ஓரம் ஹாரன் பொத்தானை அழுத்தித் தெருவையே எழுப்பிவிட்டது. மருமகன் அதைத் தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டான்.

அடியேனுக்கென்று வாரினால் கட்டும் சிறிய பையைத் தேடினோம். முன்வார் கைப்பிடித் தண்டைச் சுற்றி வரும். பின்வார்கள் இருக்கைக்கு அடியில் சட்டத்தில் கட்டப்படும். கடையில் அழகான தோல் பை ஒன்று இருந்தது. புல்லட்டுக்கு எடுப்பாகவும் இருந்தது. தோலில் தீர்த்தம் வைப்பதாவது! கெட்டித் துணியில் தைத்ததையே வாங்கினோம். வேகமானியை மறைக்கக் கூடாது, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து உயரம் குறைந்ததாக எடுத்தோம். டாங்கைத் துடைத்து, மணல் அராவாதபடி மெல்லிய துணி விரித்து அதன்மேல் பையைக் கட்டினோம். உயரம் போதாமையால் செம்பைத் துண்டில் சுற்றிப் படுக்கவைத்தேன். அடியேன் செய்த தவறு அதுவே, அப்போது தெரியவில்லை.

ஆனி மாதத்து விடியலில் ஜம்புகேஸ்வரரின் கோபுரத்தைக் கைகூப்பிவிட்டுப் புறப்பட்டோம். அப்புலிங்கமாக ஈசன் எழுந்தருளியிருக்கும் தலத்திலிருந்து கங்கையைக் கொண்டுசெல்கிறோம் என்ற எண்ணமே நெஞ்சை நிறைத்தது. இராமேஸ்வரம் 230 கி.மீட்டருக்குச் சற்று அதிகம். புதுக்கோட்டை தாண்டித் திருமயத்தில் இறங்கினோம். ஒரே குன்றைக் குடைந்து, அருகருகே சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கும் தலம். இரண்டு கொக்கிகளை விடுவித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிவன் சன்னிதியிலும், பாறையில் பள்ளிகொண்ட பெருமானின் முன்னும் நின்றேன். ஒரு கணமும் அதை வண்டியில் விட்டு அகல மனமில்லை.

தேவகோட்டைக்கு அருகே பெட்ரோல் நிரப்ப நின்றோம். டாங்கின் மூடி பைக்கு அடியில் இருக்கிறது. பையை எடுத்தால்தான் திறக்கலாம். திருச்சியிலேயே நிரப்பியிருந்தால் இந்த நிறுத்தமே தேவைப்பட்டிராது. கொக்கியை அவிழ்த்தவுடன், பணியிலிருந்த பிள்ளை உதவும் எண்ணத்தோடு பையை வாங்கி, எண்ணெய் படிந்த தரையில் வைக்கக் குனிந்தான். அடியேன் போட்ட கூச்சலில் அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: “ஐயா, அடியில ஈரமா இருக்கே?”

உள்ளங்கால் சில்லிட்டது. குடிநீர்ப் புட்டி எதுவும் அந்தப் பையில் இல்லை. ஓரமாக நின்று திறந்து பார்த்தால், சுற்றிய துண்டு நனைந்திருந்தது. செம்பை அசைத்தேன். கழுத்துவரை நிறைந்து 27 ஆண்டுகள் ஓசையின்றி இருந்த செம்பு, ‘சளக்’ என்றது. படுத்த நிலையில் நீரின் பாரம் முழுவதும் பற்றவைத்த வாயின்மேல் விழ, என்ஜினின் அதிர்வும் சேர்ந்து, பழைய ஈயத்தில் மயிரிழை அளவு விரிசல் கண்டிருக்கிறது.

அந்தச் சில நிமிடங்களில் அடியேன் மனத்தில் ஓடியவற்றை இங்கு எழுத விரும்பவில்லை. மருமகன்தான், “மாமா, முதல்ல செம்பை நிமிர்த்துங்க” என்றான். நிமிர்த்தியதும் கசிவு நின்றது.

கடைவீதியில் பாத்திரக்கடை ஒன்று திறந்திருந்தது. கடைக்காரப் பெரியவர் விஷயத்தைக் கேட்டு, “மறுபடி ஈயம் வைச்சா தீர்த்தம் கொதிச்சுப்போகும். அரக்கே போதும்” என்று கூறி, வாயைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றினார். கூலி வாங்கவில்லை. தம் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பையின் மேற்புறத்தில் உயரத்தைக் கூட்டும் மடிப்பு ஒன்று ஜிப்பினால் மூடிக்கிடந்ததை அதன்பிறகுதான் கவனித்தோம். அதைப் பிரித்துச் செம்பை நிற்கவைத்து, சுற்றிலும் வேட்டியைச் சுருட்டி அடைத்தோம். வேகமானி பாதி மறைந்தது. மறையட்டும், நாற்பதுக்குமேல் ஓட்டப்போவதில்லை!

பாம்பனில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் 2 கி.மீட்டருக்கும் மேல் நீளமுடையது. கீழே 1914-ஆம் ஆண்டின் பழைய இரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் அருகருகே தெரிந்தன. வண்டிகளை நிறுத்திப் பலர் வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. காற்று தள்ளும்போதெல்லாம் முழங்கால்கள் தாமாகவே பையை இருபுறமும் அணைத்துக்கொண்டன.

மறுநாள் அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் ஆடி, உலர்ந்த ஆடை அணிந்துகொண்டோம். அனுமன் கொணர்ந்த விஸ்வநாதரை முதலில் வணங்கி, தேவஸ்தான அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் செம்பை ஒப்படைத்தேன். குருக்கள் அரக்கைத் தட்டி உடைத்தார். சீதாப்பிராட்டி மணலால் சமைத்த இராமநாதரின் திருமேனியில் கங்கை இறங்கியது. பாத்திரக்கடைப் பெரியவரின் சீட்டையும் அர்ச்சனைத் தட்டில் வைத்திருந்தேன்.

வீடு திரும்பியதும் பிரசாதத்தைத் தாயாரிடம் நீட்டி, கசிந்ததையும் மறைக்காமல் கூறினேன். எவ்வளவு போயிற்று என்று கேட்டார்கள். இரண்டு விரற்கடை இருக்கும் என்றேன்.

“அந்தத் துண்டு எங்கே?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காய்ந்து மொரமொரப்பாக இருந்தது. அதை விரித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, மடித்துத் தந்தையார் படத்தின் கீழே வைத்தார்கள். “இதைத் துவைக்கப் போட்டுடாதீங்க” என்று உள்ளே இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் பிரசாதத்துக்குக் கை நீட்டினார்கள்.