பூட்டி வைத்தால் தேயும் பணம்

பணத்தைச் சேர்த்து வைத்தால் வட்டி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சேர்த்து வைத்தால் தேய்ந்து போகிற பணத்தை ஒரு ஊரே ஒரு வருடத்துக்கு மேல் புழங்கியது என்றால் நம்புவீர்களா?

அந்த ஊரின் பெயர் வோர்கல். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1911-ல் சந்தை ஊர் என்ற தகுதியும், 1951-ல் நகரம் என்ற தகுதியும் கிடைத்தன. கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது. அப்போது அங்கே நாலாயிரம் சொச்சம் பேர்தான்.

1931 மே மாதம் நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்ஆன்ஸ்டால்ட் கவிழ்ந்தது. எங்கு பார்த்தாலும் வேலையின்மை. ஆட்களிடம் காசில்லை, அதனால் வரி கட்டவில்லை. வரி வராததால் ஊராட்சியிடமும் காசில்லை. ரோடு போட வேண்டியிருந்தது, போடுவதற்கு ஆட்களும் இருந்தார்கள். இல்லாதது பணம் மட்டுமே!

மேயர் மிகேல் உன்டர்குகன்பெர்கர் ரயில்வே தொழிலாளியாக இருந்தவர். சில்வியோ கெசெல் என்பவரின் எழுத்துக்களைப் படித்தவர். சரக்கெல்லாம் கெட்டுப்போகிறது, பணம் மட்டும் கெடாமல் இருக்கிறது, அதனால்தான் அது பதுங்குகிறது என்பது கெசெலின் வாதம்.

1932 ஜூலையில் ஊராட்சியே சீட்டு அச்சடித்தது. 1, 5, 10 ஷில்லிங் சீட்டுகள். அதற்கு ஈடாக உண்மையான ஷில்லிங் உள்ளூர் வங்கியில் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மாதம் ஒரு சதவீதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டினால்தான் சீட்டு செல்லும். 10 ஷில்லிங் சீட்டுக்கு மாதம் 10 குரோஷன் செலவு. யார்தான் கையில் வைத்திருப்பார்கள்?

கூலியாகப் போன சீட்டு கடைக்குப் போனது. கடைக்காரர் அதை வைத்தே பழைய வரி பாக்கியைக் கட்டினார். ஊராட்சி மறுபடியும் கூலியாகக் கொடுத்தது. புழக்கத்தில் இருந்தது சில ஆயிரம் ஷில்லிங்தான். ஆனால் அது சும்மா இருக்கவில்லை. தெருக்கள் சீரமைக்கப்பட்டன, பாலம் கட்டப்பட்டது, பனிச்சறுக்குத் தாவுமேடைகூட வந்தது.

மற்ற ஊர்களும் ஆசைப்பட்டன. அங்கேதான் வினை. பணம் அச்சடிக்கும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்றது ஆஸ்திரிய தேசிய வங்கி. 1933 செப்டம்பரோடு சீட்டுகள் நின்றுபோயின. 1936-ல் மேயரும் இறந்துவிட்டார். அதே வருடம் வெளிவந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தில் கெய்ன்ஸ், கெசெலின் கருத்துக்களுக்குத் தனியாகச் சில பக்கங்கள் ஒதுக்கினார்.

ஒரு சின்ன ஊர், பதின்மூன்று மாதம். இதை வைத்து உலகத்துக்கே மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஊருக்கு ஒரு பணம் என்றால் குழப்பம் வரும் என்று வங்கி பயந்ததிலும் நியாயம் உண்டு.

ஆனாலும் வோர்கல் ஒன்றைக் காட்டிவிட்டது. வேலை செய்ய ஆளும், செய்ய வேண்டிய வேலையும் ஒரே தெருவில் இருந்தும் இரண்டும் சேராமல் போவதற்கு, சில சமயம் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததுதான் காரணம்.