கோய் என்னும் மீன்பெயரும் கொல்லிமலை அறப்பளி மீன்களும்

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் ஐயாற்றை அடுத்து அமைந்தது அறப்பளீசுவரர் கோயில். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றது. இவ்வாற்று மீன்கள் இறைவனுக்குரியனவாகப் போற்றப்படுகின்றன. அறுத்துச் சமைக்கப்பட்ட மீன் மீண்டும் உயிர்பெற்று ஆற்றில் துள்ளியது என்பது தலமரபு. பெயரும் நம்பிக்கையும் ஓர் உயிரினத்தைக் காக்கவல்லன என்பதற்கு இம்மரபு சான்று. பெயரே ஓர் உயிரினத்தின் அடையாளத்தை மறைப்பதும் உண்டு. அதற்குக் 'கோய்' என்னும் ஜப்பானியக் கடன்சொல் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஜப்பானியத்தில் இச்சொல் கெண்டை மீனைக் குறிக்கும் பொதுப்பெயர். நீகாட்டாப் பகுதி உழவர் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த பன்னிற மீன், 1914ஆம் ஆண்டு டோக்கியோ கண்காட்சியால் பரவலாக அறியப்பட்டது. அதனை அம்மொழியார் 'நிஷிகிகொய்' என்பர். 'நிஷிகி' என்பது பல நிற இழையால் நெய்த பட்டு. இத்தொகைச்சொல்லில் வருமொழி முதற் ககரம் அதிர்வொலியாக மாறும். தமிழிலோ உயிரிடைப்பட்ட ககரம் இயல்பாகவே மெலிந்தொலிப்பதால், அம்மாற்றத்தைக் காட்டத் தனி எழுத்து வேண்டுவதில்லை.

ஆங்கில வழியே தமிழுக்கு வந்தபோது இச்சொல்லின் பொருள் சுருங்கியது. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் அது அழகுமீனை மட்டுமே சுட்டும். 'கோய் கார்ப்' என்னும் வழக்கு 'கெண்டைக் கெண்டை' எனக் கூறியது கூறலாகிறது. வடிவமும் நிலைபெறவில்லை. மூலத்தின் முதலுயிர் குறில். 'கொய்' என எழுதின் அது பறித்தலைக் குறிக்கும் வினையோடு மயங்கும். 'கோய்' என நீட்டின், கள் முகக்கும் கலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு ஒன்றும்.

தமிழல்லாத பதினேழு நிலத்துச் சொற்களையும் திசைச்சொல்லாக ஏற்றது நன்னூல். ஆகவே கடன்கொள்ளல் குற்றமன்று. உறவு மறைதலே சிக்கல். கயல், சேல், கெண்டை என மீன்களை வேறுபடுத்திப் பெயரிட்ட மொழியில், கோய் கெண்டைக்கு உறவற்ற புதுமீனாகத் தோன்றுகிறது. உண்மையில் அது சாதாக் கெண்டைக்கு நெருங்கிய இனம். நெடுங்காலம் இரண்டும் ஒரே சிற்றினமாகவே கொள்ளப்பட்டன. சாதாக் கெண்டையோ உலகின் மிகத் தீங்கான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குவதும், நீர்த்தாவரங்களை வேரொடு பெயர்ப்பதும் அதன் இயல்பு.

தொட்டியில் வளர்த்த மீனை ஆற்றில் விடுவதை அறமெனக் கருதுவோர் உளர். ஐயாறு போன்ற மலையோடையில் அச்செயல், அறத்தின் பெயரால் காக்கப்படும் மீன்களுக்கே கேடாக முடியக்கூடும். ஆதலின், அகராதிகளும் பாடநூல்களும் 'வண்ணக்கெண்டை' என்பதைத் தலைச்சொல்லாகவும் 'கோய்' என்பதை வழக்குச்சொல்லாகவும் தருதல் பொருந்தும். பெயரில் கெண்டை நிலைத்தால், தொட்டியில் நீந்துவது எதன் இனம் என்பது வாங்குவோர்க்குப் பெயராலேயே விளங்கும்.