கறுத்த கொலுசு

நான் வேலை பார்த்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கில் கடைசிக் கட்டம் ‘துர்நாற்றம்: உண்டு / இல்லை’ என்றிருக்கும். 11 ஆண்டுகள் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்பதைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. அவற்றில் எத்தனையோ இரவுகளின் ‘இல்லை’ பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடுகளிலிருந்து புறப்படும் கழிவுநீர் குழாய்களில் மணிக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். அதற்குள் நீரிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அந்த வாயுதான். குழாய்க்குள் இருக்கும்வரை பெரும்பகுதி நீரிலேயே கரைந்து கிடக்கும். நிலையத்தின் நுழைவுத் தொட்டியில் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து சிதறும்போது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வெளியே பாயும். எங்கள் நிலையத்தில் அந்தத் தொட்டிக்கு மூடி போட்டிருந்தார்கள். உள்ளே சேரும் காற்றை ஒரு ப்ளோயர் உறிஞ்சி, ஸ்க்ரப்பர் என்கிற ஃபைபர் கோபுரத்துக்கு அனுப்பும். மேலிருந்து காஸ்டிக் சோடாவும் ஹைப்போ கரைசலும் தூறலாக இறங்கும். கீழிருந்து ஏறும் வாயுவை அவை பிடித்துக்கொள்ளும். அது ஒழுங்காக ஓடிய நாட்களில் கோபுரத்தின் அடியில் நின்று டிபன் சாப்பிட்டிருக்கிறேன். காஸ்டிக் இறங்காவிட்டால் அது வெறும் புகைபோக்கி. ப்ளோயர் பாட்டுக்கு வாயுவை இழுத்து ஊருக்குள் ஊதிக்கொண்டிருக்கும்.

மாதத்துக்கு இத்தனை கேன் காஸ்டிக் என்று மதிப்பீடு உண்டு. கோடையில் தண்ணீர் குறைந்து கழிவு அடர்த்தியாக வரும், வெயிலும் சேர்ந்தால் சல்பைடு எகிறும், காஸ்டிக் கூடுதலாகச் செலவாகும். ஒரு ஏப்ரலில் மதிப்பீட்டைத் தாண்டினேன். ஏன் தாண்டியது என்று விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அதன் மேல் இன்னும் மூன்று கேள்விகள் வந்தன. அவ்வளவுதான் நடந்தது. யாரும் மிரட்டவில்லை, சம்பளத்தில் கை வைக்கவில்லை. நியாயமான கேள்விகள்தான். சரியான பதிலும் என்னிடம் இருந்தது. ஆனாலும் மறுபடி அப்படி ஒரு தாள் என் மேஜைக்கு வரக்கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து நைட் ஷிப்டில் பத்து மணிக்கு மேல், காஸ்டிக்கை இறக்கும் டோசிங் பம்பைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு மணிக்கு நிறுத்தினேன். காலை ஆறரைக்கு, உதவிப் பொறியாளர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால், மறுபடி போட்டேன். ராத்திரியில் யார் வரப்போகிறார்கள்? மாதக் கடைசியில் ஸ்டாக் கச்சிதமாக நின்றது. சிக்கனமாக நடத்துகிறேன் என்று பாராட்டினார்கள். கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

பகலில் எங்கள் ஊரில் கடல்காற்று வீசும். எதை வெளியே விட்டாலும் கலைத்துக் கொண்டுபோய்விடும். இரவில், அதுவும் மார்கழியில், காற்று அசையாது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று படுத்துக்கொள்ள, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல நிற்கும். நான் ஒரு மணிக்கு விட்ட வாயு மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த நான்கு தெருக்களில் விடியும்வரை தேங்கிக் கிடந்தது. ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் புள்ளி வைத்ததை, கேட்டருகே நின்று நானே பார்த்திருக்கிறேன்.

புகார்ப் புத்தகத்தில் நேரங்களைப் பார்த்தாலே விஷயம் புரியும். 4.30, 5.10, 4.45. எல்லாம் விடிகாலை. நான் நேரில் போய்ப் பார்த்தது பிற்பகல் மூன்று மணிக்கு. ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது, துர்நாற்றம் கண்டறியப்படவில்லை’ என்று ஒரே வரியை எல்லாப் புகாருக்கும் எழுதினேன். ஆய்வுக் கருவி என் மூக்கு. இந்த வாயுவோடே பழகியவன் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மோப்ப நரம்பே மரத்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் எடுத்த முதல் பாடமே அதுதான்: “மூக்கை நம்பாதே, மீட்டரைப் பார்.”

ஒரு நாள் மதிலோரத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை என் மேஜைமேல் அவிழ்த்தார். குழந்தைக் கொலுசு ஒரு ஜோடி. வெள்ளி என்றே தெரியவில்லை, கரி மாதிரி கறுத்திருந்தது.

“தம்பி, பேத்திக்குப் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. பாலீஷ் போட்டா பத்து நாள்ல மறுபடி இப்படி ஆயிடுது. எங்க தெருவுல எல்லார் வீட்டு விளக்கும் இப்படித்தான் இருக்கு. போன வருஷம் வாங்குன ஏ.சி.யும் காயில் அரிச்சுப் போச்சுன்னு மெக்கானிக் சொல்றான். உங்க காத்தாலதானே?”

கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சலங்கையின் பிளவுகளுக்குள்ளும் சங்கிலிக் கண்ணிகளிலும் கறுப்பு ஒரே சீராகப் படிந்திருந்தது. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். கல்லூரி லேபில் கிப்ஸ் உபகரணத்தில் இதே வாயுவைத் தயாரித்திருக்கிறேன். லெட் அசிடேட் தாளைக் காட்டி, அது கறுத்ததும் ‘சல்பைடு உண்டு’ என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வெள்ளியின் மேல் ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் வெள்ளி சல்பைடு உண்டாகும், அதன் நிறம் கறுப்பு. என் உள்ளங்கையில் இருந்தது அந்தச் சோதனையின் முடிவேதான்.

“குழந்தை வேர்வைம்மா. சில பேர் உடம்புக்கு வெள்ளி கறுக்கும்” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொலுசை மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டார். குழந்தையின் உடம்பின் மேல் என் குற்றத்தைச் சுமத்தினேன். இந்த 11 ஆண்டுகளில் நான் செய்த எல்லாவற்றிலும் கீழான காரியம் அதுதான்.

புகார்கள் பெருகி, கவுன்சிலர் சத்தம் போட்ட பிறகு நகரம் அசைந்தது. மதிலை ஒட்டி பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். சாயங்காலங்களில் எலுமிச்சை வாசனை மருந்து தெளிக்க ஒரு வண்டி வந்தது. அளவெடுக்க ஒரு குழுவும் வந்தது. அவர்கள் வரும் நாள் எனக்கு இரண்டு நாள் முன்னதாகவே தெரியும். குப்பையைத் தடுக்கும் ஸ்கிரீனைக் கழுவி, தொட்டியில் படிந்த கசடை அள்ளி, காஸ்டிக்கை முழு அளவில் ஓடவிட்டேன். பிற்பகலில், காற்று நன்றாக வீசும் நேரத்தில், கையடக்க மீட்டரைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். இரவு அளவு ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். லாக் புக்கைத் திறந்து காட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ‘இல்லை’. அந்த ஒரு கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால், எலுமிச்சை மருந்துக்குப் போன பணம் காஸ்டிக்குக்குப் போயிருக்கும்.

சட்டமும் எனக்கு ஒரு போர்வையாக இருந்தது. 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள் உண்டு. அமோனியா இருக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. ‘வரம்பே இல்லாதபோது மீறல் எங்கே?’ என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 7 மைக்ரோகிராமைத் தாண்டினாலே மக்களுக்கு நாற்றம் தொந்தரவாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்வதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

2021 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹைப்பீரியன் நிலையத்தில் ஸ்கிரீன்கள் குப்பையால் அடைத்து, நிலையத்தின் பகுதிகள் மூழ்கி, கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் கடலில் கலந்த செய்தியைப் படித்தேன். பக்கத்திலிருக்கும் எல் செகண்டோ மக்கள் நாற்றத்தில் வாரக்கணக்கில் தவித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இந்த வாயுவுக்கு வரம்பு உண்டு: ஒரு மணி நேரச் சராசரி நூறு கோடியில் 30 பங்கு. அதைத் தாண்டியதென்று கருவிகள் காட்டின. அந்த வட்டாரத்தின் காற்றுத் தர அமைப்பு மாநகராட்சிக்கே மீறல் நோட்டீஸ்களை அனுப்பியது. மக்கள் ஹோட்டலில் தங்கிய செலவையும் ஏ.சி. வாங்கிய செலவையும் தருவதாக மாநகராட்சி அறிவித்தது. நாற்றமும் ஒரு மீறலாகக் கணக்கில் எடுக்கப்பட்டதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கொலுசுதான் கண்ணில் வந்தது. அவர்களுக்கு அளவு கிடைத்தது. எங்கள் நகரத்துக்குக் கிடைக்க வேண்டிய அளவை மறைத்தவன் நான்.

‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோமே, சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர்களைப் பெரும்பாலும் கொல்வது இதே வாயுதான். தெருவில் நீர்த்துப்போய் இருக்கும். அங்கே ஆளைக் கொல்லாது. தலைவலி, குமட்டல், தூக்கமில்லாத இரவுகள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

போன மாதம் ஸ்டாக் கணக்கை நினைவிலிருந்து எழுதினேன். எந்தெந்த மாதங்களில் இரவு டோசிங்கை நிறுத்தினேன், எந்த ஆய்வுக்கு முன் என்ன செய்தேன், எல்லாம் நான்கு பக்கம். கையெழுத்திட்டு ஒரு பிரதியை நிலையத்துக்கு அனுப்பினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கொலுசு கறுத்தது எங்கள் காற்றால்தான், அன்றைக்கே அது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “பிள்ளைக்கு அப்போ விடியக்காலைல வாந்தி வந்துட்டே இருக்கும். அதுவும் இதாலயா தம்பி?”

“இருக்கலாம்மா.”

“எந்தெந்த மாசம்னு இதுல இருக்கா?”

“இருக்கும்மா.”

உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.