உப்பும் ஒப்பந்தமும்

'இலவசம்' என்னும் சொல் நம்மிடையே இரண்டு பொருள்களில் வழங்குகிறது. கைம்மாறு கருதாமல் கொடுக்கப்படுவது ஒன்று. விலை பின்னால் வந்து சேர்வது மற்றொன்று. முதலாவதை நம் முன்னோர் கொடை என்றனர். இரண்டாவதற்குச் சந்தை பல பெயர்களைச் சூட்டியிருக்கிறது: பரிசுக் கூப்பன், சிறப்புச் சலுகை, அதிர்ஷ்டக் குலுக்கல். இரண்டும் ஒரே புன்னகையோடுதான் நம் வாசலுக்கு வருகின்றன. 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொடைக்கானல் மலையில் கழித்த இரண்டு நாள்கள், இவற்றைப் பிரித்தறிவது எத்துணை கடினம் என்பதை எனக்கு உணர்த்தின.

என் தங்கையின் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராயிருந்து ஓய்வு பெற்றவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் பதினோர் ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். அப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். மணமான புதிதில் மலையேறும் இளந்தம்பதியரையும், கல்லூரி மாணவரையும், கைக்குழந்தையோடு வரும் குடும்பங்களையும் ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றிருக்கிறார். ஆனால் அவர் அம்மலையில் தங்கிய இரவுகளெல்லாம் பணியாளர் ஓய்வறையில், ஒரு கம்பளிக்குள் கழிந்தவை. என் தங்கையோ ஏரியைக் கண்ணால் கண்டதில்லை. "ஒரு தடவை உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் கொடுத்த வாக்கு, முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் நிலுவையில் கிடந்தது.

அந்த நிலுவையைத் தீர்க்க வந்ததுபோல் வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. திருச்சியில் ஒரு துணிக்கடை வாசலில் என் தங்கை நிரப்பிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். கொடைக்கானல் விடுதி ஒன்றில் நால்வர் மூன்று பகலும் இரண்டு இரவும் இலவசமாகத் தங்கலாம். ஏரியைப் பார்த்த அறை. நிர்வாகக் கட்டணமாக 2,999 ரூபாய் மட்டும் செலுத்தினால் போதும். அங்கே ஒன்றரை மணி நேரம் ஒரு விளக்கக் கூட்டத்தில் அமர வேண்டும், அவ்வளவே. ஆண்டு விடுமுறையில் இருந்த என்னையும் உடன் அழைத்தார்கள். மணமான நாள் முதல் என்னை மைத்துனன் முறை சொல்லி அழைக்காமல் "சாமி" என்றே அழைப்பவர் அவர். "சாமி, நீங்களும் வாங்க. இந்தத் தடவை நான் வண்டி ஓட்டப் போறதில்லை, பின்னாடி உட்கார்ந்து வரப்போறேன்" என்றார். அவருடைய குரலில் ஒரு சிறுவனின் குதூகலம் இருந்தது.

விடுதி ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஏரியைப் பார்த்த அறைகள் "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்றார்கள். எங்களுக்குக் கிடைத்த அறையின் சன்னல் மின்னாக்கி வைத்திருந்த கொட்டகையை நோக்கித் திறந்தது. சுவரில் ஈரம் படிந்து, மெத்தையில் பூஞ்சை நாற்றம் வீசியது. வெந்நீர் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வரும் என்றார்கள், ஏழரைக்கே நின்றுவிட்டது. காலை உணவு மட்டுமே சலுகையில் அடங்கும். மற்ற வேளைகளுக்கு விடுதியின் விலை. வெளியே சென்று உண்ணவோ அருகில் கடை ஏதும் இல்லை. ஊருக்குள் சென்றுவர வாடகை ஜீப்புக்கு 1,200 ரூபாய் கேட்டார்கள். என் தங்கை ஒரு குறையும் சொல்லவில்லை. "ஓசியில வந்துட்டுக் குறை சொல்லலாமா அண்ணே?" என்று தன் புதுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுடைய அந்தச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருந்தது என்பது மறுநாள் எனக்கு விளங்கிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். வட்ட மேசைகள், மேசைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு விற்பனையாளர். கேக்கும், சூடான பஜ்ஜியும், காப்பியும் வந்துகொண்டே இருந்தன. எங்கள் மேசைக்கு வந்த இளைஞர் பணிவும் சொல்திறனும் வாய்ந்தவர். ஓர் ஆண்டில் ஏழு நாள்கள், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, நாட்டிலுள்ள பல விடுதிகளில் தங்கும் உரிமை. அதன் விலை ஆறு இலட்சம் ரூபாய் என்று விளக்கினார்.

காலப் பங்கீடு என்னும் இந்த ஏற்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1960-களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளில் உருவாகி, 1970-களில் அமெரிக்காவில் பரவி, 1980-களில் இந்தியாவுக்கு வந்தது. ஆண்டில் சில நாள்களே பயன்படும் விடுமுறை வீட்டைப் பலர் பங்கிட்டுக்கொள்வது என்பதே அதன் அடிப்படை. இக்கருத்தில் தவறு ஏதுமில்லை. ஆண்டுதோறும் தவறாமல் பயணம் செய்யும் வாய்ப்பும், முன்கூட்டியே திட்டமிடும் வசதியும் உள்ள குடும்பங்கள் இதனால் பயன் பெறுவதும் உண்டு. நான் சொல்ல வருவது அதை விற்ற முறையைப் பற்றி.

ஒன்றரை மணி நேரம் என்றது நான்கு மணி நேரமாயிற்று. ஆறு இலட்சம் ஐந்தாகி, பின்னர் மேலாளர் ஒருவர் வந்தமர்ந்ததும் மூன்று இலட்சத்து எண்பதாயிரமாகியது. "இந்த விலை இன்று மாலை வரைக்கும்தான்" என்றார்கள். யாரேனும் கையொப்பமிட்டால் ஒரு மணி அடித்தது. கூடம் முழுவதும் கைதட்டியது. மூன்றாம் மேசையில் இருந்த முதிய தம்பதியருக்காக மணி அடித்தபோது, அந்த அம்மையார் சிரிக்கவில்லை. தம் கணவரின் சட்டைக் கையைப் பற்றியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மைத்துனர் காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து அதில் கணக்குப் போட்டார். ஓட்டுநர்களுக்கு டீசல் கணக்கு அத்துபடி. மூன்று இலட்சத்து எண்பதாயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 15,200 ரூபாய். அத்துடன் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 13,000. ஆக 28,200. ஆறு இரவுகளுக்கு என்றால் ஓர் இரவுக்கு 4,700 ரூபாய். உணவும் பயணமும் தனி. முழுத்தொகையையும் இன்றே கட்டுவதால் இழக்கும் வட்டியும் தனி. அவருக்கு வயது அறுபத்தொன்று. ஒப்பந்தம் முடியும்போது எண்பத்தாறு. பின்பு அவர் நிமிர்ந்து பார்த்து இரண்டே கேள்விகள் கேட்டார். "மே மாசம் கேட்டா அறை கிடைக்கும்னு எழுதித் தருவீங்களா தம்பி? பராமரிப்புக் கட்டணம் இதுக்கு மேல ஏறாதுன்னு எழுதித் தருவீங்களா?"

அதுவரை எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருந்த இளைஞர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். இடமிருந்தால் மட்டுமே அறை. கட்டணம் அவ்வப்போது மாற்றத்துக்கு உட்பட்டது. சிறிய எழுத்துகளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. மைத்துனர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "மன்னிச்சிடுங்க, எங்களுக்குத் தோதுப்படாது" என்றார்.

மேலாளரின் முகத்திலிருந்து புன்னகை மறைந்தது. "மூணு நாள் சலுகையை அனுபவிச்சிட்டு, சாப்பிட்டு முடிச்சிட்டு இப்படிச் சொன்னா எப்படி சார்? வாங்க மனசில்லாதவங்க ஏன் வரணும்?" என்று அடுத்த மேசைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்தார். இளைஞர் மட்டும் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க ஃபாதர். மாசக் கடைசி, இலக்கு முடியலைன்னா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க" என்றார் மெதுவாக. சற்றுத் தயங்கி, "இந்த அறைங்கள்ல நானும் ஒரு ராத்திரி தங்கினதில்லை" என்றும் சொன்னார். பதினோர் ஆண்டுகள் மலையேறி இறங்கிய என் மைத்துனர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டாம் இரவைத் தங்காமலே புறப்பட்டோம். ஊருக்குள் வந்து ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். சலேத் மாதா ஆலயத்துக்கும் சென்றோம். பிறகு அரசுப் பேருந்தில் இறங்கினோம். வழியெல்லாம் என் தங்கை பேசவில்லை. வத்தலக்குண்டு நெருங்கும்போதுதான் கேட்டாள்: "அவங்க சோத்தைத் தின்னுட்டு மரியாதை இல்லாம வந்துட்டோமோ அண்ணே?"

இந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஈர மெத்தையை மறந்துவிடலாம். செலவான பணத்தையும் மறந்துவிடலாம். வாக்குத் தவறியவர் தலைநிமிர்ந்து நிற்க, ஏமாற மறுத்தவள் தலைகுனிந்து வந்தாளே, அதை எப்படி மறப்பது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கற்றுக்கொடுக்கப்பட்ட மக்கள் நாம். ஒருவர் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டால் அவரிடம் 'இல்லை' என்று சொல்ல நமக்கு நா எழாது. அந்தப் பஜ்ஜித் தட்டை மேசைமேல் வைத்தவர்களுக்கு இது நன்கு தெரியும். அவர்கள் நம் பேராசையை மட்டும் குறிவைக்கவில்லை. நம் நன்றியுணர்வையே தூண்டிலாக்கினார்கள். தீய குணத்தைக் கொண்டு ஒருவரை வீழ்த்துவது பழைய தந்திரம். நல்ல குணத்தைக் கொண்டே வீழ்த்துவது அதனினும் கொடியது. ஏனெனில் ஒருமுறை அப்படி வீழ்ந்தவர் அடுத்தமுறை நன்றி காட்டவே அஞ்சுவார்.

சட்டமும் இத்தந்திரத்தை அறிந்தே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே காலப் பங்கீட்டு விற்பனைக்கு விதிகளை வகுத்தது. 2008-ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒப்பந்தமிட்டவர் காரணம் எதுவும் கூறாமல் 14 நாள்களுக்குள் விலகிக்கொள்ளலாம்; அந்நாள்களில் அவரிடம் முன்பணம் வாங்குவதே குற்றம்; கூட்டத்துக்கு அழைக்கும்போதே அது விற்பனைக் கூட்டம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அறிவித்தபடி தரும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதையும், கட்டணத்தில் அடங்கிய ஒன்றை இலவசம்போல் காட்டுவதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பாதிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் என்றால் முறையீட்டுக் கட்டணமும் இல்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். நம் பங்குகளில் ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஆனால் சட்டம் தொடாத ஓர் இடமும் உண்டு. கொடைக்கானல் என்னும் ஊரே ஓய்வின் தேவையால் உருவானது. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் உடன்பணியாளர்களைப் பறிகொடுத்த அமெரிக்க மறைப்பணியாளர்கள், 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். இன்று நாம் காணும் ஏரி 1863-ல் உருவாக்கப்பட்டது. களைத்த உடல் இளைப்பாற வேண்டும் என்பது மனிதனின் ஆசை மட்டுமன்று, உரிமையும் ஆகும். விவிலியத்தில் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவரோடு நிற்காமல் பணியாளரையும், அந்நியரையும், உழும் மாட்டையும் உள்ளடக்குகிறது. அங்கே ஓய்வுக்கு விலையில்லை. தகுதித் தேர்வும் இல்லை. தங்கள் உழைப்பால் பிறரை இளைப்பாறச் செய்த ஓட்டுநருக்கும், அந்த விற்பனை இளைஞருக்கும் அது எட்டாமல் போவதே நம் காலத்தின் குறை. அந்த ஏக்கம் இருக்கும் இடத்தில்தான் பரிசுக் கூப்பன்கள் விலைபோகின்றன.

என் தங்கைக்கு அன்று நான் சொன்ன விடை இதுதான்: "விருந்து என்று அழைத்தால் நன்றி சொல்ல வேண்டும். வியாபாரம் என்றால் விலையைக் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். நீ இரண்டையும் மரியாதையாகத்தான் செய்தாய்."

அதோடு நம்மை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏழை உறவினருக்குக் கொடுத்த உதவியை ஊரறியச் சொல்லிக் காட்டுகிறோமா? கல்விக்கு உதவிய பிள்ளை நம் சொல்லை மீறக் கூடாது என்று எதிர்பார்க்கிறோமா? ஆலயத்துக்கு அளித்த விளக்கில் நம் பெயரைப் பொறித்து, அதன் பயனாய் முதல் வரிசையில் இடம் கேட்கிறோமா? அப்படியாயின் நாமும் பஜ்ஜித் தட்டுக்கு அடியில் ஓர் ஒப்பந்தத்தை வைத்திருக்கிறோம் என்பதே பொருள். நம்மிடம் உண்டவர் நம்மிடமே 'இல்லை' என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து செல்ல முடிய வேண்டும். நாம் கொடுத்தது கொடைதானா என்பது அப்போதுதான் தெரியவரும்.