சிறகில்லாத ஈ

மே 4, 2025, ஞாயிறு. அகரம்.

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்கியது. குடகனாற்றங்கரைப் புளியந்தோப்பில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் வெம்மை தாளாமல் சிறகை வீசிக்கொள்வதும் மேனியை நாவால் நனைத்துக்கொள்வதுமாக இருக்க, இளங்குட்டி ஒன்று கிளையிலிருந்து நழுவி விழுந்து மாண்டு கிடந்தது. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பரவிய நிபா நோயின் கிருமிக்கு இவ்வினமே உறைவிடம் ஆதலால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து குனிந்து நோக்கினேன். கழுத்து ரோமத்தினூடே, எள்ளினும் சற்றே பெரிய பழுப்பு ஜந்து ஒன்று, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரே லாகவத்தோடு ஓடிற்று.

எட்டி நின்ற காவல்காரப் பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அது வவ்வாப் பேனுங்க சாமி. ஒண்ணு இருந்தா பத்து இருக்கும், கிட்டப் போவாதீங்க."

தூரிகையால் வாரி ஸ்பிரிட் சீசாவில் இட்டேன்.

மே 5, திங்கள்.

பூதக்கண்ணாடியின்கீழ் முதலில் தோன்றியது சிலந்தியே. நீண்டு வளைந்த கால்கள், தட்டையான மார்பு, இறகு மருந்துக்கும் இல்லை. தலையோ, முதுகுப்புறம் மடிந்து மார்பின் பள்ளம் ஒன்றில் படிந்து கிடந்தமையால், இருப்பதாகவே தெரியவில்லை. கால்கள் ஆறே என்று எண்ணிய பின் சிலந்தி விலகிற்று. பேன் என்னும் பெரியவரின் கட்சி மிஞ்சிற்று. அதையும் கலைத்தவை மார்பின் இருபுறமும் குமிழ் முனையோடு நின்ற இரு சிறு தண்டுகள். பறக்கும் ஈக்களுக்குப் பின்னிறகு குறுகிச் சமநிலை உறுப்பாக மாறியிருக்கிறதன்றோ, அதுவே இது! முன்னிறகை முற்றத் துறந்துவிட்ட இப்பிராணி, பறத்தலுக்குத் துணையான கருவியை மட்டும் இன்னும் சுமந்து திரிகிறது. ஆகவே இது நிக்டெரிபிடே என்னும் வௌவால் ஈக் குடும்பம்.

பெரியவரைப் பரிகசிக்க இடமில்லை. 1758-இல் லின்னேயஸும் இக்குடும்பத்து ஜந்து ஒன்றைப் பேன் இனத்தில்தான் சேர்த்தார். ரோமத்தில் குடியிருந்து இரத்தம் குடிப்பது பேன் என்பது இருவருக்கும் பொதுவான அனுமானம்.

இதன் பிரசவம் உருவத்தினும் விசித்திரம். தாய் முட்டையிடுவதில்லை, ஒரு தடவைக்கு ஒரே புழுவைக் கருப்பையில் பால் போன்ற சுரப்பை ஊட்டி முழுமையாக வளர்த்து, வௌவாலைவிட்டுச் சற்றே இறங்கி, தங்குமிடத்தின் பரப்பில் ஒட்டிவிட்டு மீள்கிறது. புழு அங்கேயே கூட்டுப்புழுவாக இறுகுகிறது.

மே 11, ஞாயிறு.

குலத்தை மறைத்த அதே குடியிருப்பு, இனத்தை நிர்ணயிக்கையில் வழிகாட்டியாகிறது. வௌவால் ஈக்களிற் பல, தத்தமக்குரிய வௌவாலையன்றிப் பிறிதை எளிதில் நாடா. இந்தியப் பெரும் பழந்தின்னியில் காணப்படுவது சைக்ளோபோடியா சைகீசி. தக்காணத்தில் பணியாற்றிய கர்னல் சைக்ஸின் பெயரால் வெஸ்ட்வுட் 1835-இல் வர்ணித்தது. என் ஜந்துவும் அதுவாகவே இருக்கலாம். எனினும் ரோமங்களின் அமைப்பையும் பிறப்புறுப்பையும் நிபுணர் நோக்காமல் அப்பெயரை எழுதுவது நியாயமாகாது.

பெயரில் அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு மேகமலை சாட்சி. அங்கே 1948-இல் அங்கஸ் ஹட்டன் பிடித்த வௌவால், சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்ற சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் கிடந்தது. 1972-இல்தான் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதைப் புதிய பேரினமென்று கண்டு, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்.

எனவே என் சீட்டில் வௌவாலின் பெயர், அகரம், தேதி ஆகியவற்றை முழுமையாக எழுதி, ஈக்குப் பேரினப் பெயரோடு நிறுத்தினேன்.