அத்திவரதர் குளத்தங்கரையில் மூன்று பேர்

"பூந்தமல்லி வரைக்கும் நமக்குக் காசே கிடையாது டீச்சர். அதுக்கப்புறம்தான் டிக்கெட்டு" என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் பூக்கார அக்கா.

கோட்டூர்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பூங்காவில் காலை நடைக்கு வருகிற மூன்று பெண்கள் அவர்கள். ஒருவர் ரிட்டயர்டு டீச்சர். இன்னொருவர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கும் பூக்கார அக்கா. நடக்க வருவதில்லை, பூக்கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்க வருகிறவர். மூன்றாமவர் அரக்கோணத்திலிருந்து மகன் வீட்டோடு வந்து சேர்ந்த அம்மா. கணவர் இறந்த பிறகு மெட்ராஸ் வந்தவருக்கு, நான்கு தெருவைத் தாண்டி ஊர் தெரியாது. பூக்கார அக்கா முதலில் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். ஒரு வருடத்தில் அது "யக்கா" ஆகிவிட்டது.

காஞ்சிபுரம் போகலாம் என்ற பேச்சு ஒரு பழைய போட்டோவில் தொடங்கியது. 1979-ல் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கல்யாணமாகி இரண்டு மாதம். அரக்கோணத்து அம்மாவுக்கு வயது 20. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் வெளியே வந்திருந்த சமயம். கூட்டத்தில் நசுங்கிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கணவர் சொன்னாராம், "அடுத்தது 2019. அப்பவும் நானே கூட்டிட்டு வரேன்."

2019 ஜூலை முதல் தேதி அத்திவரதர் மறுபடி வந்தார். 48 நாள். முதல் ஒரு மாதம் படுத்த கோலம், ஆகஸ்ட்டில் நின்ற கோலம். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த 48 நாளில் பாதியை அந்த அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலும், மீதியை வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலும் கழித்தார். கணவருக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. டிவியில் அத்திவரதரைக் காட்டும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஏன் என்று கேட்க முடியவில்லை. மார்கழியில் போய்விட்டார்.

இதைக் கேட்ட டீச்சர், "பெருமாள் தண்ணிக்குள்ளதானே இருக்கார், போய்க் குளத்தைப் பார்த்துட்டு வருவோம்" என்றார். மகன் கார் ஏற்பாடு பண்ணுவதாகச் சொன்னதை மூவருமே ஏற்கவில்லை. காரில் போனால் டிரைவர் இருப்பாரே, எப்படிப் பேசுவது?

தை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் கிளம்பினார்கள். சைதாப்பேட்டையில் ஒரு பஸ் மாறினார்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து இருக்கிற திட்டம்தான். ஆனால் அரக்கோணத்து அம்மாவுக்கு அதுதான் முதல் முறை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் டிக்கெட் எடுக்கிற வேலை கணவருடையதாக இருந்தது. பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ் ஏறியதும், "இதுக்கு நான் எடுக்கறேன்" என்று பர்ஸைத் திறந்தார். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் ஒரு சின்ன வாக்குவாதமும் நடந்தது. ஜெயித்தது அம்மாதான்.

கொஞ்ச தூரத்தில் "செம்பரம்பாக்கம்" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பூக்கார அக்கா பேச்சை நிறுத்தினார்.

"இந்த ஏரித் தண்ணிதான் யக்கா."

2015 டிசம்பர் முதல் தேதி. செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீரும் விடாத மழையும் சேர்ந்து அடையாறு கரை மீறிய நாள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரத்தில் இருந்தவர்கள் கட்டின துணியோடு ஓடினார்கள். பூக்கார அக்கா வீட்டில் பீரோ, மிக்ஸி, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் போனது. சர்ட்டிபிகேட் திரும்ப வாங்கியாகிவிட்டது. "எங்க வீட்டுக்காரரோட எடுத்த ஒரே போட்டோ பீரோவுக்குள்ள இருந்துச்சு. அவர் போயி பதினாலு வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப மொகம் மறந்துடுது, திடீர்னு ஞாபகம் வருது." பூ கட்டுகிற விரல்கள் மடியில் சும்மா அசைந்துகொண்டிருந்தன. ஸ்ரீபெரும்புதூர் வரை யாரும் பேசவில்லை.

காஞ்சிபுரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து சின்ன காஞ்சிபுரம் போனார்கள். நடை சாத்துவதற்குள் தரிசனம் ஆனது. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டார்கள். நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியை டீச்சர் பாடம் நடத்துவதுபோல விளக்கினார். பிறகு அனந்தசரஸ் குளம்.

குளத்துக்குள் மண்டபங்கள் இருக்கின்றன. அதில் நான்கு கால் மண்டபத்துக்கு அடியில், வெள்ளிப் பெட்டிக்குள் அத்திவரதர் படுத்திருக்கிறார். மேலே பார்த்தால் பச்சைத் தண்ணீர், இரண்டு புறா, அவ்வளவுதான். பார்க்க எதுவும் இல்லாத அந்த இடத்தில் அரக்கோணத்து அம்மா அரை மணி நேரத்துக்கு மேல் நின்றார். கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். குளத்தின் பக்கம் காட்டுவதுபோலக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பக்கத்தில் போன ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்தது. அவர் கவலைப்படவில்லை.

"அடுத்தது 2059. எனக்கு நூறு வயசு" என்றார்.

"உங்க சாமி பரவால்ல யக்கா. நாப்பது வருஷம் கழிச்சாவது தண்ணிலேருந்து வந்துடுது" என்றார் பூக்கார அக்கா.

கோபமாகவும் இல்லை, வேடிக்கையாகவும் இல்லை அந்தக் குரல். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அரக்கோணத்து அம்மா போட்டோவைப் பைக்குள் வைத்துவிட்டு, பூக்கார அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதது அந்த அம்மா இல்லை, டீச்சர்.

அப்புறம் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைப்பது. சுக்கும் மிளகும் சீரகமும் தூக்கலாக இருக்கும். பேரனுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். (பேரன் ஒரு வாய் வைத்துவிட்டு "காரம்" என்று ஓடிவிட்டான் என்பது வேறு கதை.) புடவைக் கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள், டீச்சர் மட்டும் ஒரு கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பினார். கிளம்புமுன், வழியில் போன ஒரு காலேஜ் பெண்ணிடம் செல்போனைக் கொடுத்து, கோபுரம் தெரியும்படி மூவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அரக்கோணத்து அம்மா தனியாக பஸ் ஏறி மயிலாப்பூர் போனார். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, பூக்கார அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெயின்ட் அடித்தும் மறையாமல் அந்த வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. அதற்கு ஒரு முழம் மேலே ஆணி அடித்துப் படத்தை மாட்டியிருக்கிறார் பூக்கார அக்கா.