செங்கம் சாலையில் ஓர் ஆங்கில வகுப்பு

சென்ற அரையாண்டு விடுமுறையில், நம் பங்கைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவர் ஐவரை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குச் சென்றோம். பேருந்தில் அருகே அமர்ந்திருந்த பெரியவர், "தீபம் முடிந்துவிட்டதே, இப்போது என்ன விசேஷம்?" என்று வினவினார். "ஆங்கிலம் கேட்கப் போகிறோம், ஐயா" என்றோம். நம்மை ஏற இறங்கப் பார்த்தவர், ஊர் வந்து சேரும்வரை சன்னலை விட்டுத் திரும்பவேயில்லை.

அவர் ஐயம் நியாயமானதே. நம் மாணவர் ஐவரும் ஆங்கிலத்தில் தேறாதவர் அல்லர். ஒருவன் 92 மதிப்பெண் பெற்றவன். ஆனால் வானொலியில் ஆங்கிலச் செய்தி ஒலித்தால் அவனுக்கு அது வெறும் இரைச்சல். ஆங்கிலம் அவன் கண்ணால் கண்ட பொருளேயன்றிக் காதால் கேட்ட மொழியன்று. வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்குகிறார். அவரை நாம் குறை கூறோம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் ஆங்கிலத் தாள் எழுதும் தாள். மாணவன் செவியால் எதைப் புரிந்துகொண்டான் என்று அது வினவுவதில்லை. வினவாத ஒன்றைக் கற்பிக்க ஆசிரியருக்கு ஏது நேரம்? வீட்டிலோ ஆங்கிலம் பேசுவார் எவருமில்லை.

ஆங்கிலம் தெருவில் ஒலிக்கும் ஊர்கள் நம் பக்கத்தில் மிகச் சில. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலை. 1934-இல் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் இரமண மகரிஷியைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. 1938-இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் இங்கு வந்து சென்றார். அன்று தொட்டு மேனாட்டார் வரவு நின்றபாடில்லை. மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலையில் நடந்தால் பிரெஞ்சுக்காரரின் ஆங்கிலம், ஜெர்மானியரின் ஆங்கிலம், இரஷ்யரின் ஆங்கிலம் எனப் பலவகை ஆங்கிலங்கள் காதில் விழும். அவர்களில் பலருக்கு நம்மைப் போலவே அது கற்றுக்கொண்ட மொழி. இது நம் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இரமணாசிரமத்தில் மரத்தடியில் அமர்ந்து, பிள்ளைகளுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னோம். மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவனுக்கு, பெயின் என்பாரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மூன்றுமுறை எழுதிவருமாறு தண்டனை கிடைத்தது. 1896 ஆகஸ்டு 29. இருமுறை எழுதினான்; மூன்றாம் முறை எழுதாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டைத் துறந்து புறப்பட்டான். செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை வந்தடைந்தான். பின்னாளில் இரமணர் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். வழி பார்க்க அவன் புரட்டியது ஒரு பழைய நிலப்படம். திண்டிவனமே அண்மையிலுள்ள நிலையம் என்று அதில் கண்டு அவ்வூருக்குச் சீட்டுக்கான பணத்தை எடுத்துக்கொண்டான். திருவண்ணாமலைக்கே புகைவண்டி வந்துவிட்டது என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது!

தண்டனைக் கதையைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் பெருமகிழ்ச்சி. இலக்கணத்தை மூடி வைத்தால் ஞானம் வரும் என்று அவர்கள் முடிவு கட்டுமுன், மீதியையும் சொல்லிவிட்டோம். பிற்காலத்தில் மேனாட்டார் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளை மகரிஷி நன்கு புரிந்துகொண்டார். ஆங்கில நூல்களையும் படித்தார். ஆயினும் ஆங்கிலத்தில் அரிதாகவே பேசினார். விடைகள் பெரும்பாலும் தமிழில் வந்தன, மற்றவர் மொழிபெயர்த்தனர். பேசவராத மொழியைக் கேட்டும் படித்தும் ஆளமுடியும் என்பதற்கு இவ்வூரிலேயே சான்று இருக்கிறது.

நண்பகல் வேளையில், ஆசிரமத்துக்கு அருகிலுள்ள ஆட்டோ நிறுத்தத்தில் நின்றோம். வயது முதிர்ந்த மேனாட்டுப் பெண்மணி ஒருவர் நம் 92 மதிப்பெண் மாணவனிடம் அஞ்சலகத்துக்கு வழி கேட்டார். அவன் சிலையாக நின்றான். அஞ்சலகம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரிந்தவன்தான்! அருகே நின்ற ஆட்டோ ஓட்டுநர் இரண்டே சொற்களில் வழி சொல்லிவிட்டு, "அந்தம்மா பிரெஞ்சு, தம்பி. 'ஹவ் மச்' என்பதை 'அவ் மச்' என்பாங்க. பழகினால் புரிந்துவிடும்" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

மாணவன் தலைகுனிந்தான். நாம் எதிர்பாராதது அதன்பிறகு நடந்தது. ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "தம்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை நீ, இதைக் கொஞ்சம் படி. நாலு நாளாகப் பையிலேயே கிடக்கிறது, ஏதோ விளம்பரம் என்று நினைக்கிறேன்."

ஆட்டோவுக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் ஆங்கிலக் கடிதம் அது. மாணவன் உரக்கப் படித்தான். ஓரிடத்தில் 'ஓவர் டூ' என்றான். ஓட்டுநர் புருவத்தை நெரித்தார். "டூவா, டியூவா?" என்றார். மாணவன் மீண்டும் எழுத்துகளைப் பார்த்தான். அவன் வீட்டில் மாதந்தோறும் தந்தை 'டியூ' கட்டுகிறார். அந்தச் சொல்தான் இந்தச் சொல் என்று அதுவரை எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. 'வித்தின் செவன் டேஸ்' என்றபோது ஓட்டுநருக்கே பொருள் விளங்கிவிட்டது. 'ரீபொசெஸ்' என்னும் சொல் இருவரையும் நிறுத்தியது. ஓட்டுநர் அதைக் கேட்டதில்லை. மாணவனோ சொற்பட்டியலில் 'பொசெஸ்' என்பதற்கு 'உடைமையாகக் கொள்ளுதல்' என்று படித்திருந்தான். முன்னொட்டுக்கு 'மறுபடியும்' என்ற பொருளும் தெரியும். தயங்கித் தயங்கி, "அண்ணே, பணம் கட்டாவிட்டால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்" என்றான்.

ஏழு நாளில் நான்கு கழிந்துவிட்டன. ஓட்டுநர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு சென்றார்.

செவி உள்ளவருக்கு எழுத்து இல்லை. எழுத்து உள்ளவனுக்குச் செவி இல்லை. நம் தமிழ்ப் பேச்சிலேயே பர்மிட், சிக்னல், டியூ என்று எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் உலவுகின்றன. அவற்றைப் பாடநூலில் எழுத்தாகக் காணும் பிள்ளை, அயலாரைப் போல் பார்த்துவிட்டுப் பொருளை மனப்பாடம் செய்கிறது.

இக்குறையைக் கண்டவர்கள் முன்னரே இருந்தனர். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் கல்வியாளர் பெங்களூரு, சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் ஒரு புதுமுறையை நடத்திப் பார்த்தார். இலக்கணத்தை முன்வைக்காமல், புகைவண்டி நேர அட்டவணையையும் நிலப்படத்தையும் கொடுத்து, ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகளை விடை காணச் செய்தார். அவர்கள் உடனே பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்டும் படித்தும் புரிந்துகொண்டால் போதும். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் பேசும் முறையாக அது பின்னர் வளர்ந்தது. நம் பள்ளிகளில் அது வேரூன்றவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

சீனத்தில் பல்கலைக்கழக நுழைவுக்கான 'காவோகாவ்' தேர்வில், பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலத்துக்குரிய 150 மதிப்பெண்ணில் 30 செவித்திறனுக்கு உரியது. முதல் ஐந்து உரையாடல்கள் ஒரேமுறைதான் ஒலிக்கும், மற்றவை இருமுறை. தென்கொரியாவில் இத்தகைய தேர்வு நடக்கும் அரைமணி நேரம் விமானங்களே ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன! அந்நாட்டுப் பிள்ளைகள் சுமக்கும் பாரம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதே நம் கருத்து. எனினும் அவர்களிடம் கற்க ஒரு பழக்கம் உண்டு: ஒலி தொடங்குமுன் கேள்விகளைப் படித்து, எதைக் கேட்கப்போகிறோம் என்று காதுக்குச் சொல்லி வைக்கின்றனர்.

ஊர் திரும்பியபின் இதையே சிறிதளவில் செய்து பார்க்கிறோம். மாலையில் பங்கு மண்டபத்தில் பத்து நிமிடம் வானொலியின் ஆங்கிலச் செய்தி. கேட்குமுன் மூன்று கேள்விகள் பலகையில்: எந்த ஊர், எத்தனை பேர், என்றைக்கு. ஒவ்வொரு சொல்லையும் பிடிக்க முயலவேண்டாம் என்பது விதி. மறுநாள் அதே செய்தியை ஆங்கில நாளிதழில் தேடி உரக்கப் படிக்கவேண்டும். முதல் வாரம் ஊர்ப்பெயர்கள் மட்டுமே பிடிபட்டன. இரண்டாம் வாரம் எண்கள் வந்தன. பெற்றோர் ஆங்கிலம் அறியாதவராயினும் கேள்வி எழுதிய பலகையருகே உடன் அமரலாம். இரு தாய்மார் வருகின்றனர், அவர்களுள் ஒருவர் தம் மகனைவிட விரைவாக ஊர்ப்பெயர்களைப் பிடிக்கிறார்.

சென்ற வாரம் விபத்துச் செய்தி ஒன்றில் காயமுற்றோர் 'தர்ட்டீன்' என்று 92 மதிப்பெண் மாணவனும், 'தர்ட்டி' என்று மற்ற நால்வரும் வாதிட்டனர். இரவெல்லாம் வழக்குத் தீரவில்லை. காலையில் நாளிதழ் வந்தது. பதின்மூன்றுதான்.